ரொட்டியைக் குப்பையில் போட்டவன்

போர்ட் பிளேர் அலுவலகங்களில் இருபத்தெட்டு வருடம் மற்றவர்களின் கையெழுத்துக்காகக் காத்திருந்தும், மற்றவர்களை என் கையெழுத்துக்காகக் காக்கவைத்தும் ஓய்வுபெற்றவன் நான். ஆகவே ஒரே ஒரு கையெழுத்துக்காக நான் லெனின்கிராட் வரை போகவேண்டி வந்தபோது, இது நியாயமான தண்டனைதான் என்று எங்கள் பகுதியான ஷாதிபூரில் என் நண்பர்கள் பேசிக்கொண்டார்கள்.

விஷயம் இதுதான். என் மகன் அந்தோணி கப்பல் கட்டும் படிப்புக்காக அங்கே போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. படிப்போடு லேனா என்ற பெண்ணையும் பிடித்துப்போய்விட்டது. அவளைக் கல்யாணம் செய்துகொண்டு போர்ட் பிளேருக்கு அழைத்துவர வேண்டும் என்று எழுதினான். பெண்ணுக்குச் சம்மதம். ஆனால் அந்த நாட்டை விட்டு ஒருவர் வெளியேற வேண்டுமென்றால், தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று அவருடைய பெற்றோர் அதிகாரி முன்னால் கையெழுத்திட வேண்டும். லேனாவுக்கு அப்பா இல்லை. அம்மா கையெழுத்துப் போடவில்லை. மறுக்கவும் இல்லை. அரசாங்கத்தில் வேலை பார்த்த யாருக்கும் இதன் பொருள் தெரியும்: கோப்பு மேசையிலேயே கிடக்கிறது. ஜூன் மாதத்தோடு அந்தோணியின் தங்கும் அனுமதி முடிகிறது. அதற்குள் அந்த அம்மாள் கையெழுத்திடாவிட்டால் அவன் தனியாகத்தான் கப்பல் ஏற வேண்டும்.

எனக்கு எப்படி அனுமதி கிடைத்தது, எந்த வழியாகப் போனேன் என்பதையெல்லாம் எழுதினால் மூன்று தொகுதி வரும். வாசகர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. விட்டுவிடுகிறேன்.

புறப்படுமுன் ஒரு கோப்பு தயார் செய்தேன். ஓய்வூதிய ஆணை, ஷாதிபூர் வீட்டின் பத்திரம், பங்குச் சாமியார் கொடுத்த நன்னடத்தைச் சான்று, அந்தோணிக்குத் துறைமுகப் பட்டறையில் வேலை கிடைக்க வாய்ப்புண்டு என்ற ஒரு கடிதம், வெளிநாட்டவர் தீவில் தங்குவதற்கான விதிமுறைகளின் நகல். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி. பெண் கேட்டுப் போகிறவன் இதைவிட ஒழுங்காகப் போனதாக வரலாறு இல்லை.

என் மனைவி ஃபிலோமினா கோப்பைப் பார்க்கவேயில்லை. ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

“இதைக் கையிலே கொண்டுபோங்க. பெட்டியிலே போட்டா நொறுங்கிரும்.”

“என்ன இது?”

“மரவள்ளி வத்தல். உப்புப் போட்டு அவிச்சுக் காயவச்சது. அந்த அம்மா கையிலே குடுங்க.”

“பொண்ணு கேட்டுப் போறவன் பட்டுச்சேலை கொண்டுபோவான். கிழங்கு வத்தலக் கொண்டுபோனா சிரிக்க மாட்டாங்களா?”

“கஷ்டம் வந்தா சேலையத் திங்க முடியுமா? ஜாஸ்தி பேசாம சுப்சாப் எடுத்துட்டுப் போங்க.”

இந்த டப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் கட்டிலுக்கடியில் இதே மாதிரி மூன்று டப்பாக்கள் எப்போதும் இருக்கும். ஒன்றில் அரிசி, ஒன்றில் மரவள்ளி வற்றல், ஒன்றில் உப்பும் தீப்பெட்டியும். ஃபிலோமினா போர்ட் பிளேரிலேயே பிறந்தவள். ஜப்பான்காரர்கள் தீவைப் பிடித்தபோது அவளுக்குப் பதினான்கு வயது. அவர்கள் போய் முப்பது வருடம் ஆகியும் டப்பா போகவில்லை. மெயின்லேண்டிலிருந்து கப்பல் வர ஒரு வாரம் தாமதமானால் ஊரே வெங்காயத்துக்கு அலையும். அவள் முகத்தில் மட்டும் ஒரு திருப்தி தெரியும். “கட்டிலுக்கடியில் ஒரு ராஷன் கடை” என்று நான் வருவோர் போவோரிடம் எல்லாம் கேலி செய்வேன். அவள் டப்பாவின் மூடியை இன்னும் அழுத்தி மூடுவாள்.

லெனின்கிராடில் இறங்கியது ஏப்ரல் முதல் வாரம். வசந்தம் வந்துவிட்டது என்று அந்தோணி சொன்னான். ஆற்றில் பனிக்கட்டிகள் எருமைக் கூட்டம்போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. இது வசந்தம் என்றால் மற்ற காலத்துக்குப் பெயர் வைக்க எந்த மொழியிலும் சொல் இல்லை.

முதல் நாளே ஒன்றைக் கவனித்தேன். யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் அறிமுகம் இல்லாதவனைப் பார்த்தாலும் ‘கஹான் சே?’ என்று எந்த ஊர் என்பதையாவது கேட்பார்கள். இங்கே கடைக்காரி, ஹோட்டல் வாசல்காரர், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எல்லாரும் என்னை ஒரு சந்தேகத்துக்குரிய மனுவைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். ஆனால் நான் தொப்பி இல்லாமல் தெருவில் இறங்கியதும் நிலைமை மாறியது. ஒரே தெருவில் மூன்று பெண்கள், ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாதவர்கள், என்னை நிறுத்தித் திட்டினார்கள். மூன்றாவது அம்மாள் கையிலிருந்த பையைத் தரையில் வைத்துவிட்டு, என் மஃப்ளரை அவிழ்த்து, காதை மூடித் தலையைச் சுற்றிக் கட்டி முடிச்சுப் போட்டுவிட்டுப் போனார். சிரிக்கவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை. அந்நியனைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள், ஆனால் அவன் காது உறைந்துபோவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் மாட்டார்கள் என்று புரிந்துகொண்டேன்.

வெளிநாட்டவன் ஹோட்டலில்தான் தங்க வேண்டும் என்பது விதி. ஹோட்டலில் மாடிக்கு ஓர் அம்மாள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். சாவி அவரிடம்தான். யார் போனார், எப்போது வந்தார், எத்தனை டீ குடித்தார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எங்கள் அலுவலகத்தில் அப்படி ஓர் ஆள் இருந்திருந்தால் நான் இன்னும் இரண்டு பதவி உயர்வு பெற்றிருப்பேன், அல்லது முன்னாலேயே வீட்டுக்குப் போயிருப்பேன்.

இரண்டாம் நாள் மாலை லேனாவின் வீட்டில் விருந்து. அவள் அம்மா நினா பெத்ரோவ்னா டிராம் ஓட்டுகிறவர். ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். பலகைபோன்ற தோள்கள், கையில் உரம். என்னை உட்காரவைத்ததும் முதலில் கேட்டது என் அப்பாவின் பெயர். சவேரியார் என்றேன். அந்த நாட்டில் மரியாதையாகக் கூப்பிட வேண்டுமானால் அப்பா பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார்களாம். அந்தக் கணத்திலிருந்து நான் மரியதாஸ் சவேரியேவிச். நாமும் அப்பா பெயரைத்தான் முன்னால் வைத்துக்கொள்கிறோம். ஆனால் ஒற்றை எழுத்தாகச் சுருக்கி ஒரு புள்ளியும் வைத்துவிடுகிறோம். என் அப்பா பெயரை முழுதாக ஒருவர் சொல்லிக் கேட்டு நாற்பது வருடம் ஆகியிருந்தது.

பீட்ரூட் சூப் வந்தது. உருளைக்கிழங்கு வந்தது. உப்பில் ஊறிய மீன் வந்தது. அது எங்கள் ஊர் ஜங்லிகாட் கருவாட்டுக்கு மாமன் மகன், உடனே அடையாளம் கண்டுகொண்டேன். புளித்த முட்டைக்கோஸ் வந்தது. தட்டு காலியானால் நிரப்பினார், நிரம்பியிருந்தாலும் நிரப்பினார். கூடவே கறுப்பு ரொட்டி. மூன்று நாள் மறந்துபோன தோசை மாவைச் செங்கல் அச்சில் ஊற்றிச் சுட்டதுபோல இருந்தது. என்னால் மெல்ல முடியவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு விசாரணை. அந்தோணி மொழிபெயர்த்தான்.

“கப்பல் எத்தனை நாளைக்கு ஒருக்க வருதுன்னு கேக்காங்க.”

மாதத்துக்கு இத்தனை என்று பட்டியலோடு சொன்னேன்.

“கப்பல் வராட்டா என்ன சாப்பிடுவீங்கன்னு கேக்காங்க.”

அரசாங்கம் கவனித்துக்கொள்ளும் என்றேன். நினா பெத்ரோவ்னா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் நான் இரண்டு மதிப்பெண் இழந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

“உங்க தீவுல யுத்தம் வந்திருக்கான்னு கேக்காங்க.”

“இல்லைன்னு சொல்லு.”

அந்தோணி என்னைப் பார்த்தான். “அப்பா, ஜப்பான்காரன்?”

“அது நமக்குள்ள. அமைதியான ஊரு, நாலு பக்கமும் கடல், ஒருத்தனும் வர மாட்டான்னு சொல்லு.”

அவன் சொன்னான். கோப்பிலிருந்து ஒவ்வொரு காகிதமாக எடுத்து மேசையில் அடுக்கினேன். நினா பெத்ரோவ்னா கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுப் பத்திரத்தைத் தலைகீழாகப் பார்த்துவிட்டு, மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார். நாளைக் காலை ஹோட்டலுக்கு வருவதாகவும், சேர்ந்து போய்க் கையெழுத்து விஷயத்தைப் பார்க்கலாம் என்றும் சொன்னார். அந்தோணி மேசைக்கடியில் என் காலை மிதித்தான். ஆறு மாதம் கிடந்த கோப்பு ஒரே மாலையில் நகர்ந்தது என்று எனக்கும் பெருமைதான். கிளம்பும்போது காலை உணவுக்கு என்று அரை ரொட்டியைத் துணியில் கட்டிக் கையில் கொடுத்தார். டப்பாவை நான் கொண்டுபோகவேயில்லை. வெட்கமாக இருந்தது. பெட்டிக்குள்ளேயே இருந்தது.

இனி என் தவறு. அதிகாலையில் அந்த ரொட்டியோடு மறுபடி போராடிப் பார்த்தேன். பல் என்னுடையது அல்ல, கட்டியது. தோற்றேன். ரொட்டியை மேசைமேல் விட்டுவிட்டுப் போனால் அறையைத் துடைக்க வருகிறவர் பார்த்துத் தப்பாக நினைப்பாரே என்று, நாசூக்காக ஒரு செய்தித்தாளில் சுற்றி, நடைபாதைக் கோடியில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டேன். துணியை மட்டும் மடித்துத் திருப்பிக் கொடுக்க எடுத்துக்கொண்டேன். நம் ஊரில் இதற்குப் பெயர் நாகரிகம்.

ஒன்பது மணிக்குக் கீழே இறங்கினேன். நினா பெத்ரோவ்னா நல்ல கோட்டும் பூப்போட்ட தலைத்துணியுமாக நின்றிருந்தார். பக்கத்தில் அந்தோணியும் லேனாவும். நான் கைகூப்பி வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போது படியில் காலடிச் சத்தம். எங்கள் மாடி அம்மாள் தன் மேசையை விட்டு எழுந்து வருகிறார். மூன்று நாளில் அவர் எழுந்து நான் பார்த்ததில்லை. இரண்டு கைகளாலும் எதையோ ஏந்திக்கொண்டு வந்தார். செய்தித்தாள் பிரிந்திருந்தது. உள்ளே என் ரொட்டி.

அவர் கத்தவில்லை. தாழ்ந்த குரலில் இரண்டு வாக்கியம் சொன்னார். அந்தோணி மொழிபெயர்க்கவில்லை. நினா பெத்ரோவ்னா தன்னுடைய ரொட்டியை அடையாளம் கண்டுகொண்டார். அதை வாங்கி, மேலே ஒட்டியிருந்த தூசியை உள்ளங்கையால் துடைத்து, கோட்டுப் பையிலிருந்து ஒரு வலைப்பையை எடுத்து அதற்குள் வைத்தார். பிறகு தனக்கு இன்று வேலை இருக்கிறது என்றார். கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

“அப்பா, என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?” என்றான் அந்தோணி. பிறந்ததிலிருந்து அவன் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் முறை. ஒரு வருடமாக அந்த அம்மாளைக் கரைத்துத் திறந்த வழியை நான் ஒரு ரொட்டியால் அடைத்துவிட்டேன் என்றான். அந்த ரொட்டி முதலில் அடைத்தது என் தொண்டையைத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். லேனாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

லேனா என் மகனிடம் தமிழ் கற்றிருந்தாள். பாதி என் சொந்த ஊரான தூத்துக்குடி, பாதி அவன் அம்மாவின் போர்ட் பிளேர். மெதுவாகச் சொற்களைத் தேடிச் சொன்னாள்: “மாமா, அம்மாவுக்குக் கோபம் இல்லை. அம்மாவுக்குப் பயம்.”

அன்று முழுவதும் இருவரும் என்னை ஊர் சுற்றிக் காட்டினார்கள். பார்க்கும் மனநிலையில் நான் இல்லை, ஆனாலும் பார்த்தேன். பெரிய வீதியில் ஒரு சுவரில் நீல நிறத்தில் ஓர் எச்சரிக்கை. குண்டு விழும்போது தெருவின் இந்தப் பக்கத்தில் நடப்பது அதிக ஆபத்து என்று போர்க்காலத்தில் எழுதியதாம். போர் முடிந்து முப்பது வருடம் கழித்தும் அழிக்கவில்லை. சுவருக்குப் புதுச் சாயம் அடித்தாலும் அதை மட்டும் விட்டு அடிக்கிறார்கள். கீழே யாரோ பூ வைத்திருந்தார்கள்.

ஒரு பாலத்தைப் படம் எடுத்தேன். மார்பில் பதக்கம் தொங்க ஒரு கிழவர் ஓடிவந்து கேமராவைப் பிடித்துக்கொண்டார். பாலத்தை ஏன் எடுக்கிறாய், எந்த நாட்டுக்காரன் என்று கேள்வி. அந்தோணி சமாதானம் செய்தான். இந்தியா என்றதும் கேமராவைத் திருப்பித் தந்துவிட்டு, என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், குண்டு சிதறி உடைந்த ஒரு கற்தூணைக் காட்டி, இதை எடு என்றார். எடுத்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் துறைமுகத்தை யாராவது படம் எடுத்தால் நாங்களும் பிடித்து உட்காரவைப்போம். அதற்கான படிவத்தை வகுத்தவர்களில் நானும் ஒருவன்.

மத்தியானம் போர் நினைவிடம் ஒன்றுக்கு முன்னால் ஒரு கல்யாண கோஷ்டி வந்து இறங்கியது. வெள்ளை உடையில் மணப்பெண், நடுங்கிக்கொண்டு மாப்பிள்ளை. பதிவு முடிந்த கையோடு இங்கேதான் வருவார்களாம். பெண் தன் பூங்கொத்தைக் கல்லின்மேல் வைத்தாள். நாம் கல்யாணம் முடிந்து கோவிலுக்கோ மாதா சொரூபத்துக்கோ போவோம். இவர்கள் செத்தவர்களிடம் போய்ச் சொல்லிவிட்டு வாழ ஆரம்பிக்கிறார்கள்.

ஒரு நாட்டுக்குக் குணம் என்று ஒன்று உண்டா என்று கேட்டால், எந்தக் கோப்பிலும் அப்படி ஒரு தலைப்பு இல்லை என்றுதான் நான் சொல்வேன். ஆனால் வழக்கம் உண்டு. வழக்கத்துக்குக் காரணமும் உண்டு. அந்தோணி வரைபடத்தை விரித்துக் காட்டினான். வருகிறவனைத் தடுக்க மலை இல்லை, கடல் இல்லை, பாய் விரித்ததுபோல ஒரே சமவெளி. கிழக்கிலிருந்து குதிரைக்காரர்கள் வந்து இருநூறு வருடத்துக்குமேல் கப்பம் வாங்கினார்கள். மேற்கிலிருந்து போலந்துக்காரர், சுவீடன்காரர், பிரெஞ்சுக்காரர், கடைசியாக ஜெர்மானியர். ஒரு தலைமுறை கட்டியதை அடுத்த தலைமுறை எரிவதைப் பார்த்தது. சில சமயம் எதிரிக்குக் கிடைக்கக்கூடாது என்று தாங்களே எரித்தார்கள். வேலி இல்லாத நிலத்தில் இருப்பவன் வருகிறவனைப் பார்த்துச் சிரிக்க மாட்டான். முதலில் யார் என்று பார்ப்பான். பார்த்து முடித்து உள்ளே விட்டுவிட்டால், வாசலுக்கு வெளியே இருக்கும் குளிரெல்லாம் ஞாபகம் வந்து, வந்தவன் வயிறு வெடிக்கும்வரை போடுவான். இரண்டும் ஒரே பயத்தின் இரண்டு கைகள். இந்தச் சந்தேகத்தால் அவர்கள் தங்களுக்குள்ளேயும் நிறையத் துன்பப்பட்டிருக்கிறார்கள் என்றும் அந்தோணி சொன்னான், குரலைத் தாழ்த்தி. அந்தத் தாழ்ந்த குரலும் ஆறு வருடத்தில் கற்றதுதான்.

அவர்களுக்கு வேலி இல்லை, நமக்குக் கடல் இருக்கிறது என்றேன் நான்.

“நம்ம அம்மாட்ட போய் அதைச் சொல்லுங்க” என்றான் அந்தோணி. பிறகு, “அம்மா குடுத்துவிட்ட டப்பா எங்கே? லெட்டர்ல எழுதியிருந்தாங்களே” என்று கேட்டான்.

பெட்டியில் இருக்கிறது என்றேன். அப்போதுதான் லேனா தங்கள் வீட்டு அலமாரியைப் பற்றிச் சொன்னாள். மேல்தட்டில் தலையணை உறைகள் இரண்டு உண்டாம். உள்ளே பஞ்சு இல்லை. மீந்த ரொட்டியையெல்லாம் துண்டு போட்டு அடுப்பில் காயவைத்து அவள் அம்மா நிரப்பி வைத்திருக்கிறார். பூச்சி விழுந்தால் மாற்றுவார். குறைந்தால் நிரப்புவார். ஜெர்மானியரின் முற்றுகையில் ஊர் இருந்த காலத்தில், ஒரு நாள் முழுவதற்கும் ஆளுக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டு ரொட்டிதான். அதிலும் பாதி மரத்தூள். அவர் தன் அம்மாவின் உடலையும் தம்பியின் உடலையும் பனிச்சறுக்கு வண்டியில் வைத்துப் புதைப்பதற்குத் தானே இழுத்துக்கொண்டு போனவர். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது.

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் என்மேல் மோதித் திட்டிவிட்டுப் போனார். எனக்குக் கட்டிலுக்கடியில் இருந்த மூன்று டப்பாக்கள் தெரிந்தன.

ஞாயிற்றுக்கிழமை நினா பெத்ரோவ்னா கல்லறைக்குப் போவார், நானும் அங்கே வரலாம் என்று லேனா ஏற்பாடு செய்தாள். நான் பெட்டியைத் திறந்து டப்பாவை எடுத்துக்கொண்டேன். இந்த முறை கோப்பை எடுக்கவில்லை. வழியில் டிராம் பாதி தூரத்தில் நின்றுவிட்டது. எல்லாரும் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் பனிச் சேற்றில் நடக்க ஆரம்பித்தார்கள். நம் ஊராக இருந்தால் ஓட்டுநரைச் சுற்றி ஒரு பொதுக்கூட்டம் நடந்திருக்கும். என் முட்டி வலித்தது. அதைப் பற்றிச் சொல்ல அது இடமில்லை என்று எனக்கே பட்டது.

அதைக் கல்லறை என்று சொல்வது சரியில்லை. நீளநீளமான மண்மேடுகள், ஒரு வயல் அளவு ஒவ்வொன்றும். வரப்புகள்போல நடுவே பாதை. எங்கள் தீவின் பெரார்கஞ்சில் வங்காளத்து அகதிகளுக்கு நிலம் அளந்து கொடுத்தபோது நான் பார்த்த பாத்திகள் இப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு மேட்டின் முன்னாலும் ஒரு கல். கல்லில் பெயர் இல்லை. ஆண்டு மட்டும்.

நினா பெத்ரோவ்னா ஒரு கல்லின் முன்னால் நின்றிருந்தார். 1942. வலைப்பையிலிருந்து ஒரு துண்டு ரொட்டியை எடுத்துக் கல்லின்மேல் வைத்தார். அது எந்த ரொட்டி என்று எனக்குத் தெரிந்தது. குப்பைத் தொட்டிக்குள் போய்வந்த ரொட்டி.

அதே ஆண்டில்தான் எங்கள் ஊருக்கு ஜப்பான்காரர்கள் கடல் வழியாக வந்தார்கள்.

“அந்தோணி, நான் சொல்றதை ஒரு வார்த்தை விடாம சொல்லு” என்றேன். நான் பொய் சொன்னதாகச் சொன்னேன். எங்கள் தீவுக்கு யுத்தம் வந்தது, மூன்று வருடத்துக்குமேல் இருந்தது என்றேன். என் மாமனார் தேவசகாயம் மர ஆலையில் வேலை செய்தவர். டார்ச் விளக்கால் கடலில் வெள்ளைக்காரர் கப்பலுக்குச் சைகை காட்டினார் என்று யாரோ சொல்ல, ஒரு நாள் காலையில் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. என் மாமியார் இரண்டு பிள்ளைகளோடு காட்டோரம் ஒதுங்கி, கிழங்கு தோண்டித் தின்று உயிர் வைத்திருந்தார். சின்னவன், ஆறு வயது, தீவை மீட்கக் கப்பல் வருவதற்கு ஒரு மாதம் முன்னால் பசியில் போய்விட்டான். மிஞ்சியவள் ஃபிலோமினா.

இதுவரை அந்தோணி ஓரளவு அறிந்தது. அடுத்ததை அவனும் அறியான்.

யுத்தம் முடிந்து நான் மெயின்லேண்டிலிருந்து குமாஸ்தாவாக அங்கே போனேன். நிவாரண மனுக்கள் என் மேசைக்கு வந்தன. கணவர் இறந்ததற்கு அத்தாட்சி இணைக்கப்படவில்லை என்று எழுதி, என் மாமியாரின் மனுவை இரண்டு முறை திருப்பி அனுப்பியவன் நான்தான். விதி அப்படி. மூன்றாவது முறை மனுவைக் கொண்டுவந்தது மகள். அவள் என் மேசைமுன் நின்று, “உடம்பு கெடைக்காத எடத்துல எதைக் கொண்டுவரச் சொல்லுதீங்க?” என்று கேட்டாள். அத்தாட்சிக்குப் பதிலாக ஒரு வாக்குமூலத்தை நானே எழுதிக்கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து அவளையே கட்டிக்கொண்டேன். ஆனால் அந்த நாட்களைப் பற்றி அவளிடம் ஒரு முறைகூட நான் கேட்டதில்லை. கேலிதான் செய்தேன்.

அந்தோணி பாதியில் நிறுத்தினான். தொடர்ந்து சொல் என்றேன். சொல்லி முடித்தான்.

நினா பெத்ரோவ்னா கல்லின்மேல் இருந்த ரொட்டித் துண்டை நேராக்கி வைத்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

“முதல்லயே ஏன் யுத்தம் இல்லைன்னு சொன்னீங்கன்னு கேக்காங்க.”

“படிவத்துக் கட்டத்துல இல்லைன்னு எழுதினா கோப்பு சீக்கிரம் நகரும். அந்தப் பழக்கம்னு சொல்லு.”

அவர் தலையை ஆட்டினார். அந்த ஊர்க்காரருக்கு இது புரியாமல் இருக்காது. பிறகு என் மாமனாரின் பெயரைக் கேட்டார். இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அவர் நாக்குக்கு அது மிகவும் நீளம். எங்கே புதைத்தார்கள் என்று கேட்டார். தெரியாது என்றேன். வலைப்பைக்குள் கையை விட்டு இன்னொரு துண்டு ரொட்டியை எடுத்தார். அதை முதல் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

டப்பாவை அங்கேயே அவர் கையில் கொடுத்தேன். மூடியைத் திறந்து ஒரு வற்றலை எடுத்து, ஒடித்துப் பார்த்து, முகர்ந்து, பல்லில் கடித்தார். எத்தனை நாள் கெடாது என்று கேட்டார். இரண்டு மழைக்காலம் என்றேன். வீட்டில் இன்னும் இருக்கிறதா? கட்டிலுக்கடியில் மூன்று டப்பா, என் மனைவி ஒருநாளும் காலியாக விட்டதில்லை என்றேன்.

கப்பல் வராவிட்டால் என்ன சாப்பிடுவீர்கள் என்ற கேள்விக்கு ஐந்து நாள் தாமதமாக நான் சரியான பதிலைச் சொல்லியிருந்தேன்.

திங்கட்கிழமை கையெழுத்து ஆயிற்று. அதிகாரி மூன்று பிரதி கேட்டார். நினா பெத்ரோவ்னா இரண்டுதான் கொண்டுவந்திருந்தார். மூன்றாவதை நான் வெற்றுத்தாளும் கார்பன் காகிதமுமாகப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அந்த அதிகாரி முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். சொந்தக்காரனை அடையாளம் கண்டுகொண்ட சிரிப்பு.

புறப்படும் நாளில் கோட்டுகளைப் போட்டுக்கொண்டு, பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, எல்லாரும் திடீரென்று உட்கார்ந்தார்கள். என்னையும் உட்காரச் சொன்னார்கள். யாரும் பேசவில்லை. நீண்ட பயணத்துக்குமுன் அப்படி ஒரு நிமிடம் சும்மா உட்கார வேண்டுமாம். எத்தனையோ பேர் அந்த நாட்டில் அப்படி உட்காரக்கூட நேரமில்லாமல் கிளம்பியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எழுந்ததும் நினா பெத்ரோவ்னா என் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். கனமாக இருந்தது. அந்தோணியைப் பார்த்து ஏதோ சொன்னார்.

“வெறும் டப்பாவா திருப்பிக் குடுக்கிறது மரியாதை இல்லையாம். அம்மா கையிலேதான் குடுக்கணுமாம். பெட்டியிலே போட்டா நொறுங்கிருமாம்.”

போர்ட் பிளேரில் இறங்கியதும் ஃபிலோமினா முதலில் வாங்கியது டப்பாவைத்தான். திறந்தாள். கறுப்பு ரொட்டித் துண்டுகள், விரல் நீளத்துக்கு ஒரே அளவாக வெட்டி, கல்லாகக் காயவைத்தவை. ஒன்றை எடுத்து ஒடித்தாள், முகர்ந்தாள், கடித்தாள். அதே வரிசை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“அந்த அம்மா எத்தனை பேரைப் பறிகொடுத்தாங்க?” என்று கேட்டாள். கையெழுத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

“சண்டைக்குப் போன அப்பா. முற்றுகையில அம்மா, தம்பி” என்றேன்.

“தம்பிக்கு என்ன வயசு?”

தெரியவில்லை, நான் கேட்கவில்லை என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்று மாலை வெகுநேரம் உட்கார்ந்து, என் மைத்துனனின் பெயர் என்ன, அவன் எப்படி இருப்பான் என்று நான் கேட்டேன். சொன்னாள். அது இந்தக் கட்டுரைக்கு உரியது அல்ல.

அந்தோணியும் லேனாவும் ஜூலையில் வருகிறார்கள். லேனாவுக்கான அனுமதிப் படிவத்தை நான்கு பிரதியாக எழுதிக் கொடுத்துவிட்டேன். அவள் வரும்வரை ரொட்டி இருக்கும் நான்காவது டப்பாவை யாரும் தொடக்கூடாது என்பது ஃபிலோமினாவின் உத்தரவு. கடல் காற்றில் எதுவும் சீக்கிரம் நமுத்துவிடும். ஆகவே மாதம் ஒரு முறை நான்கு டப்பாக்களையும் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து, வெயிலில் கொட்டி, பூச்சி பார்த்து, மறுபடி நிரப்பி மூடிவைக்க வேண்டும். அந்த வேலையை இப்போது நான்தான் செய்கிறேன்.